மரவீடும் டொர்னாடோவும்: ஓக்லஹோமாவுக்குக் குடிவரும் ஒரு குடும்பத்துக்கு

கணவருக்கு அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது, மார்ச் மாதம் நான்கு வயதுப் பையனோடும் முழங்கால் வலியுள்ள மாமியாரோடும் குடிபோகிறோம், பார்த்து வைத்திருக்கும் வாடகை வீடு மரவீடு, நிலவறைகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்க் கான்கிரீட் வீடு என்றால் டொர்னாடோ என்ற சுழற்காற்றைத் தாங்குமா, இவர்கள் ஏன் மரத்தில் கட்டுகிறார்கள் என்பவை உங்கள் கேள்விகள். ஆனால் விஷயம் கடைசி வரியில்தான் இருக்கிறது. "கடலூரில் தானே புயலைப் பார்த்தவள் நான், ஆனாலும் இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை" என்கிறீர்கள். ஆக, வீட்டுச் சுவரைப் பற்றிக் கேட்டாலும், சைரன் ஊதியபின் இருக்கும் பத்து நிமிஷத்தில் இந்த இரண்டு பேரையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் கட்டமைப்புப் பொறியாளர். ஓக்லஹோமாவில் 17 வருடமாகக் குடியிருக்கிறேன். டொர்னாடோ அடித்துப் போன தெருக்களில் எந்த வீடு எங்கே விட்டுப் போனது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது என் வேலையில் ஒரு பகுதி. வானிலை என் துறை இல்லை. காற்று எப்படி உருவாகிறது என்பதைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவன், காற்று கட்டடத்தை என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள். சுருக்கமான பதில்: தாராளமாக வரலாம், ஆனால் ஒளியும் இடம் எது என்று முடிவு செய்யாமல் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் தானே புயலை மனதிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். அது 2011 டிசம்பர் 30 அதிகாலை கரையைக் கடந்தது. பல நாள் முன்பே வங்கக் கடலில் அது இருப்பது தெரியும், எந்தப் பக்கம் வருகிறது என்பதும் ஓரளவு தெரியும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம். மணிக்கணக்காக அடித்துப் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனது. டொர்னாடோ அப்படி இல்லை. பெரும்பாலானவற்றின் அகலம் நூறு மீட்டருக்குள், மிகப் பெரியவை சில கிலோமீட்டர். ஒரு வீட்டின் மேல் அது நிற்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. முன்னெச்சரிக்கை சராசரியாகப் பத்து நிமிஷம். புயலுக்கு நாம் ஊரைவிட்டு நகர்வோம், இதற்கு வீட்டுக்குள்ளேயே உள்ளே, கீழே நகர வேண்டும். நம் ஊர்ப் புயல் அனுபவம் கொடுக்கும் நல்ல பழக்கங்களில் பாதி இங்கே பொருந்தாது. அதை முதலிலேயே புரிந்துகொண்டால் நல்லது.

அது எப்படி உண்டாகிறது? மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான சூடான காற்று தரையை ஒட்டி வடக்கே வரும். மேற்கே உயரமான வறண்ட நிலத்திலிருந்து வறண்ட காற்று அதன்மேல் வந்து படியும். இன்னும் மேலே வேகமான காற்று வேறு திசையில் ஓடும். உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவதால், எழும்பும் இடிமேகமே மொத்தமாகச் சுழல ஆரம்பிக்கிறது. அந்த மாதிரி மேகத்தை சூப்பர்செல் என்கிறார்கள். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில், அதிலும் மே மாதத்தில், மாலை நேரத்தில், ஓக்லஹோமாவில் இவை எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. இதுவரை உறுதி. ஆனால் சுழலும் மேகங்களில் நான்கில் ஒன்றுக்கும் குறைவானவைதான் டொர்னாடோவைத் தரையிறக்குகின்றன. ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மேகங்களில் ஒன்று இறக்குகிறது, மற்றது சும்மா போகிறது. ஏன் என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. 1994 முதல் பெரிய பெரிய கள ஆய்வுகள் நடந்தும் தரையை ஒட்டிய கடைசி நூறு மீட்டரில் நடப்பது பிடிபடவில்லை. எச்சரிக்கைகளில் பத்துக்கு ஏழு பொய்த்துப் போவது இதனால்தான். முன்னறிவிப்பாளர்களின் அலட்சியம் இல்லை அது.

சரி, உங்கள் வீட்டை அது தாக்கும் வாய்ப்பு எவ்வளவு? தோராயக் கணக்கு ஒன்று போடலாம். ஓக்லஹோமாவில் வருடத்துக்குச் சராசரியாக 55 முதல் 60 டொர்னாடோ. ஒன்று 6 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம் தொடுகிறது என்று வையுங்கள். மொத்தம் 35 சதுர கிலோமீட்டர். மாநிலத்தின் பரப்பு 1,81,000 சதுர கிலோமீட்டர். ஒரு குறிப்பிட்ட வீட்டைத் தொடுவது ஐந்தாயிரம் வருடத்துக்கு ஒருமுறை என்று வருகிறது. நீங்கள் குடிவரும் நடுப்பகுதியில் வாய்ப்பு இதைவிடக் கூடுதல், இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ இருக்கலாம். தொட்டாலும் அவற்றில் பெரும்பாலானவை ஓட்டைப் பெயர்த்து, வேலியைச் சாய்த்து, மரக்கிளையை முறித்துவிட்டுப் போகிறவை. வீட்டையே துடைத்தெடுக்கும் வகை மிக அரிது. அமெரிக்கா முழுவதும் வருடத்துக்கு சுமார் 1,200 டொர்னாடோ வந்தாலும், சேதத்தை வைத்து வலிமையைக் குறிக்கும் அளவுகோலில் மிக உச்ச வகையான இ.எஃப். 5 என்று 2013 மே மாதத்துக்குப் பிறகு ஒன்றைக் குறிக்கப் பன்னிரண்டு வருடம் ஆனது. 2025 ஜூனில் வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் பக்கம் வந்ததற்குத்தான் அந்த எண்ணைக் கொடுத்தார்கள்.

ஆனால் இந்தக் கணக்கை நான் யாரிடமும் ஆறுதலாகச் சொல்வதில்லை. ஓக்லஹோமா சிட்டிக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் மூர் என்ற ஊரை 1999, 2003, 2010, 2013 என்று பலத்த டொர்னாடோக்கள் திரும்பத் திரும்பத் தாக்கின. 1999 மே 3 அன்று வந்ததில், தரைக்குச் சற்று மேலே, மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தை நடமாடும் ரேடார் அளந்தது. 36 பேர் இறந்தார்கள். 2013 மே 20 அன்று வந்தது 39 நிமிஷம் தரையில் நின்று, 22 கிலோமீட்டர் ஓடி, 24 பேரைக் கொன்றது. அவர்களில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் என்ற தொடக்கப் பள்ளியில் இருந்த குழந்தைகள். மூர் மண்ணில் ஏதோ இருக்கிறது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, தற்செயல்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தத் தெருவில் மூன்றாவது முறையாக வீடு கட்டுகிறவரிடம் போய் ஐந்தாயிரம் வருடக் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது என் துறைக்கு வருகிறேன். காற்று ஒரு சுவரை அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. தானே புயலின் 140 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 90 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 320 கிலோமீட்டர் காற்று 490 கிலோ. கூரையின் ஓரங்களிலும் முனைகளிலும் காற்று அழுத்துவதில்லை, மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அங்கே விசை இதைவிடக் கூடலாம். வீடு உடைவதில் ஒரு வரிசை இருக்கிறது. எத்தனையோ இடிபாடுகளில் அதே வரிசையைத்தான் பார்த்திருக்கிறேன். முதலில் போவது கராஜ் கதவு. வீட்டிலேயே பெரிய துளை அது, அதை மூடியிருப்பதோ மெல்லிய தகடு. அது உள்ளே மடிந்ததும் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது, வெளியிலிருந்து உறிஞ்சும் விசையும் சேர்கிறது. கூரைச் சட்டத்தைச் சுவரோடு பிடித்திருப்பது சாய்வாக அடித்த இரண்டு மூன்று ஆணி மட்டும் என்றால், கூரை எழுந்துவிடும். கூரை போனபின் சுவரைப் பிடிக்க ஆளில்லை, அவை வெளிப்பக்கமாகச் சாய்கின்றன. சிதறிய வீட்டைப் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் உள்ளழுத்தத்தால் வீடு வெடித்துவிட்டது என்று நினைத்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று பள்ளியில்கூடச் சொல்லிக்கொடுத்தார்கள். தவறு. ஜன்னலைத் திறந்தால் காற்றுக்கு இன்னொரு வாசல் கிடைக்கிறது. அதைவிட, ஜன்னல் பக்கம் போய் நிற்கிற அந்த அரை நிமிஷம்தான் உயிருக்கு ஆபத்து.

அப்புறம், இங்கே நிறைய வீடுகள் வெளியே செங்கல்லாகத் தெரியும். நம்பிவிடாதீர்கள். அது ஒற்றை வரிசைச் செங்கல் போர்வை, உள்ளே மரச் சட்டம்தான். சுமையைத் தாங்குவது மரம். அந்த மரச் சட்டத்தைத் தரைக் கான்கிரீட்டோடு பிடிக்க வேண்டிய போல்ட்டில் நட்டு முடுக்காமல் விட்டிருந்ததையும், வாஷரே போடாமல் இருந்ததையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தெருவில் தரைக் கான்கிரீட் மட்டும் மிஞ்சிய வீட்டுக்கு எதிரே திரைச்சீலையோடு நின்ற வீட்டைப் பார்த்து அதிசயம் என்பார்கள். சில நேரம் காற்றின் பாதை அப்படி. சில நேரம் அந்த வீட்டைக் கட்டிய தச்சர் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றிரண்டு டாலர் விலையுள்ள இரும்புக் கிளிப்பை ஒவ்வொரு சட்டத்துக்கும் போட்டிருப்பார்.

நம் ஊர்க் கான்கிரீட் வீடு தாங்குமா? நேர்மையான பதில்: எலும்புக்கூடு நிற்கும், வீடு நிற்காது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 320 கிலோ இருக்கும். எடை மட்டும் அதைப் பிடித்து வைக்காது, ஆனால் தூணோடும் உத்தரத்தோடும் கம்பி சரியாகக் கட்டியிருந்தால் பெரும்பாலும் தாங்கிவிடும். தூண்களுக்கு நடுவே நாம் எழுப்பும் செங்கல் சுவரில் கம்பி கிடையாது. 320 கிலோமீட்டர் காற்றில் அந்தச் சுவர் சரியும், ஜன்னல்கள் முதல் நொடியிலேயே போகும். செங்கல் மேலே விழுந்தால் மரப்பலகையைவிட மோசம். 2011 மே 22 அன்று மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரத்தில் இதைப் பார்த்தோம். அங்கிருந்த செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை பெரிய, உறுதியான கட்டடம், அதன் சட்டம் நின்றது. ஜன்னல்கள் எல்லாம் போய், உள்ளே இருந்த கருவிகளும் கூரைத் தகடுகளும் சிதறி, மின்சாரம், மாற்று ஜெனரேட்டர் எல்லாம் நின்றுபோய், நோயாளிகள் இறந்தார்கள். பிறகு அந்தக் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாகிவிட்டது. அன்று அந்த ஊரில் 158 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கட்டடங்கள் விழுந்ததால். கட்டடம் நிற்பது வேறு, அதற்குள் இருப்பவர் பிழைப்பது வேறு என்பதை நான் அதில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

மரத்தில் கட்டுவதற்குக் காரணம் முட்டாள்தனம் இல்லை. மரம் இங்கே மலிவு, வேகமாகக் கட்டலாம், குளிருக்கும் வெயிலுக்கும் சுவருக்குள் பஞ்சு அடைப்பது எளிது, அந்த வேலை தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு நாடு முழுவதும் கோடிக்கணக்கான வீடுகளை மிக அரிதான உச்ச வகைக் காற்றுக்குத் தாங்கும்படி கட்ட யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் நடுத்தர வேகத்துக்குத் தாங்கும்படி கட்டலாம், அதற்குச் செலவும் அதிகமில்லை. மூர் நகரம் 2014-ல் தன் கட்டட விதிகளை மாற்றியது. கராஜ் கதவு மணிக்கு 135 மைல், அதாவது 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும், கூரைச் சட்டங்களை நெருக்கமாக வைக்க வேண்டும், இரும்புக் கிளிப் போட வேண்டும், பிடுங்கிக்கொண்டு வராத வளைய ஆணி அடிக்க வேண்டும் என்பவை அதில் முக்கியம். கூடுதல் செலவு அப்போது சதுர அடிக்கு ஒரு டாலர் அளவில்தான். பிளாசா டவர்ஸ் குழந்தைகள் இறந்தபின்தான் அந்த விதி வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கிறது. 1999-லேயே செய்திருக்கலாம்.

ஆகவே வீட்டை முழுதாகக் காப்பாற்றுவதை விட்டு, வீட்டுக்குள் ஒரு சின்ன இடத்தைக் காப்பாற்றுங்கள். இந்த யோசனை டெக்சாஸில் 1970 மே மாதம் லபக் நகரத்தை டொர்னாடோ அடித்தபின் வலுப்பெற்றது. வீடே போன இடங்களில்கூட நடுவிலிருந்த குளியலறையோ துணி அலமாரி அறையோ நின்றதை அங்கிருந்த டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் கவனித்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய சேஃப் ரூம். கான்கிரீட்டிலோ தடித்த எஃகிலோ செய்து தரையோடு போல்ட் போட்ட சின்ன அறை. மணிக்கு 250 மைல் காற்றுக்குத் தாங்க வேண்டும். அதன் சுவரிலும் கதவிலும் 7 கிலோ மரக்கட்டை ஒன்றை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பீரங்கியில் சுடுவதுபோல் அடித்துச் சோதிக்கிறார்கள், கட்டை உள்ளே வரக் கூடாது. வாங்கும்போது இந்தச் சோதனை முடிந்ததற்கான சான்றிதழைக் கேளுங்கள், விற்பவர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

இங்கே நிறையப் பேர் வைத்திருப்பது கராஜ் தரைக்கு அடியில் புதைக்கும் எஃகுப் பெட்டி. மேலே தள்ளும் மூடி, செங்குத்தான ஏணிப்படி. எங்கள் வீட்டிலும் அதுதான். முதல் பலத்த மழையிலேயே அடியில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிவிட்டது, பதித்த நிறுவனத்தோடு இரண்டு மாதம் போராடித்தான் சரிசெய்தேன். ஓக்லஹோமாவின் செம்மண் களிமண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இங்கே நிலவறை அரிது என்பதற்கு அதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது பாதிதான் உண்மை, சரியாக வடிகால் செய்தால் கட்டலாம். செலவும் பழக்கமும்தான் மீதிக் காரணம். உங்கள் மாமியாருக்கு அந்த ஏணி சரிவராது. முழங்கால் வலியோடு பத்து நிமிஷத்துக்குள், இருட்டில், குழந்தை அழும்போது செங்குத்துப் படியில் இறங்குவது நடக்காது. தரைமட்டத்தில் நடந்தே நுழையும் சேஃப் ரூம் உள்ள வீடாகத் தேடுங்கள். பூமிக்கு அடியில் இருந்தால்தான் பிழைக்கலாம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 2013-ல் மூரில் தரைக்கு மேல் இருந்த, முறையாகக் கட்டிய அறைகள் தாங்கின.

வாடகை வீட்டில் அது கிடைக்கவில்லை என்றால்? தரைத்தள வீடாக எடுங்கள், மாடி வேண்டாம். வெளிச்சுவர் எதையும் தொடாத, ஜன்னல் இல்லாத, சின்ன அறை ஒன்றை வீட்டின் நடுவில் கண்டுபிடியுங்கள். துணி அலமாரி அறையோ குளியலறையோ போதும். மாமியாருக்கு அங்கே ஒரு முக்காலியைக் குடிவந்த அன்றே போட்டு வையுங்கள். சைக்கிள் ஓட்டும்போது போடும் ஹெல்மெட் ஆளுக்கு ஒன்று. இறப்பும் பலத்த காயமும் அதிகம் வருவது தலையில் அடிபட்டுத்தான். காலுக்கு மூடிய செருப்பு, வெளியே வரும்போது ஆணியும் கண்ணாடியும்தான் தரை. விசில் ஒன்று. தண்ணீர், மாமியாரின் மாத்திரை. இந்த அறை சாதாரண டொர்னாடோவுக்கு நல்ல பாதுகாப்பு, உச்ச வகைக்குப் போதாது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் உச்ச வகை வந்தபோதுகூட அதன் நடு மையத்தில் சிக்கும் வீடுகள் கொஞ்சம், ஓரத்தில் சிக்குபவைதான் அதிகம், அங்கே இந்த அறை உயிரைக் காக்கிறது. சக்கரத்தின் மேல் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தும் மொபைல் ஹோம் மட்டும் வாடகை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நாட்டு மக்களில் சின்னப் பங்கினர்தான் அவற்றில் வசிக்கிறார்கள், ஆனால் டொர்னாடோ சாவுகளில் பாதிக்கு நெருக்கமானவை அவற்றில் நடக்கின்றன.

எச்சரிக்கையில் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாட்ச் என்றால் இன்று வரக்கூடிய சூழல் இருக்கிறது என்று பொருள். அதைக் கொடுக்கும் மையம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நார்மன் நகரத்தில் இருக்கிறது. அன்று சாயங்காலம் கடைக்குப் போவதைத் தள்ளிப்போடுங்கள், செருப்பை எடுத்து வையுங்கள், அவ்வளவுதான். வார்னிங் என்றால் உங்கள் பகுதியில் இப்போதே டொர்னாடோவைக் கண்டிருக்கிறார்கள் அல்லது ரேடாரில் சுழற்சி தெரிகிறது. அப்போது அந்த அறைக்குள் போக வேண்டும், வாசலில் நின்று வானத்தைப் பார்க்கக் கூடாது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களே அதைச் செய்வார்கள், நீங்கள் செய்யாதீர்கள். மழைத் திரைக்குள் மறைந்தே வருபவை நிறைய. சைரன் வெளியில் இருப்பவர்களுக்கானது, மூடிய வீட்டுக்குள் தூங்குகிறவருக்குக் கேட்காமல் போகலாம். கைபேசியின் அவசர அறிவிப்பை அணைக்காதீர்கள். மின்கலத்தில் ஓடும் வெதர் ரேடியோ ஒன்று வாங்கிப் படுக்கை அருகே வையுங்கள்.

காரில் ஏறி ஓடிவிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். 2013 மே 31 அன்று, மூர் சம்பவம் நடந்து பதினோரு நாளில், எல் ரீனோ ஊர்ப் பக்கம் 4.2 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு டொர்னாடோ வந்தது. பதிவானவற்றிலேயே அகலமானது அது. மக்கள் பயத்தில் இருந்தார்கள். காரில் தெற்கே போய்விடுங்கள் என்று தொலைக்காட்சியிலும் சொல்லப்பட்டது. நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. எட்டுப் பேர் வாகனங்களில் சிக்கி இறந்தார்கள். அவர்களில் டொர்னாடோ ஆராய்ச்சியில் பேர்போன டிம் சாமராஸும் அவர் மகனும் உடன் சென்றவரும் உண்டு. இதைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அது நகரத்துக்குள் திரும்பியிருந்தால் அந்தப் போக்குவரத்து நெரிசலில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதே இரவில் மழை வெள்ளம் வேறு, வடிகாலுக்குள் ஒதுங்கியவர்களை அடித்துக்கொண்டு போனது. மேம்பாலத்துக்கு அடியிலும் ஒதுங்காதீர்கள், அங்கே காற்று குறுகி இன்னும் வேகமாகும். 1999-ல் அப்படி ஒதுங்கியவர்களில் மூன்று பேர், மூன்று வெவ்வேறு பாலங்களில் இறந்தார்கள்.

நாங்கள் வந்த முதல் மே மாதம் இரண்டாம் மாடி அபார்ட்மென்டில் இருந்தோம், மகளுக்கு ஏழு மாதம். சைரன் கேட்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஹாலில் நின்றோம். கீழ் வீட்டு அம்மா மேலே ஏறி வந்து கதவைத் தட்டி, குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, எங்களைத் தன் குளியலறைக்குக் கூட்டிப்போனார். அதற்கு முன் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று டொர்னாடோ எங்களைத் தொடவில்லை. ஆனால் அன்றிலிருந்து குடிபோகும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் அவர் வீட்டில் ஷெல்டர், அதாவது டொர்னாடோவுக்கு ஒதுங்கும் இடம், இருக்கிறதா என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறோம். நீங்களும் கேளுங்கள், இங்கே யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஷெல்டர் உள்ள வீடு கிடைத்தால் நகராட்சியில் அதைப் பதிவு செய்யுங்கள், மேலே இடிபாடு விழுந்து மூடி திறக்காமல் போனால் தேடி வருபவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

பையனைச் சேர்க்கும் பள்ளியில் கட்டணத்துக்கு முன்னால் ஷெல்டரைப் பற்றிக் கேளுங்கள். மூர் பள்ளி நிர்வாகம் மறுபடி கட்டிய பிளாசா டவர்ஸ், பிரையர்வுட் பள்ளிகளில் சேஃப் ரூம் இருக்கிறது. எல்லா ஊரிலும் எல்லாப் பள்ளியிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியார் மழலையர் காப்பகங்களில் இன்னும் தீர விசாரியுங்கள். பையனிடம் பயமுறுத்தும் வீடியோக்களைக் காட்டாதீர்கள். அந்தச் சின்ன அறையில் டார்ச் அடித்து ஒரு நாள் கதை சொல்லுங்கள், அவனுக்கு அது பழகிய இடமாகிவிடும்.

பருவநிலை மாற்றத்தால் இது கூடிக்கொண்டே போகுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மொத்த எண்ணிக்கையில் தெளிவான ஏற்றம் தெரியவில்லை. ஒரே நாளில் கொத்தாகப் பல வருவது கூடியிருக்கிறது. சூழல் கிழக்கே டென்னசி, மிசிசிப்பி, அலபாமா பக்கம் நகர்வதும் தரவுகளில் தெரிகிறது. அங்கே இரவில் வருபவை அதிகம், மரங்கள் மறைக்கும், மொபைல் ஹோம்களும் நிறைய, அதனால் சாவும் அதிகம். இதற்கும் புவி வெப்பமாவதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி உறுதியாக ஒரு எண் சொல்கிறவரை நம்பாதீர்கள், புயலுக்கும் வெள்ளத்துக்கும் இருக்கும் அளவுக்கு இங்கே விடை தெளிவாக இல்லை.

கடைசியாக ஒன்று. ஓக்லஹோமா சிட்டியில் சனிக்கிழமை மதியம் 12 மணிக்குச் சைரன் ஊதும். வந்த முதல் வாரமே கேட்பீர்கள், பதறாதீர்கள், அது சோதனை. அந்தச் சத்தத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். சமையலறையில் நிற்கும் இடத்திலிருந்து பையனைத் தூக்கி, மாமியாரைக் கைப்பிடித்து, அந்த அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தும்வரை எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். முதல் முறை ஐந்து நிமிஷம் ஆனால் ஆகட்டும், நாலைந்து வாரத்தில் இரண்டுக்கு வந்துவிடும். பலத்த இடிமழைக்கு வாய்ப்புள்ள சனிக்கிழமையில் சோதனை ஊதுவதைத் தவிர்த்துவிடுவார்கள். அப்படி வானம் கருத்திருக்கும் நாளில் 12 மணிக்கே ஊதினாலும், அது உண்மை என்றே எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.